பாட்டையும் படத்தையும் வைத்து வரலாறு நடத்துவது



உங்களில் ஆசிரியராகிவிட்ட சிலர், "வகுப்பில் இப்போது திரை இருக்கிறது சார், வரலாற்றுப் பாடத்துக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?" என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. தாராளமாகப் போடுங்கள், பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். முடிந்ததும் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799. படம் வந்தது 1959. இடையில் 160 ஆண்டுகள். ஜாக்சன் துரையிடம் சிவாஜி பேசுவது சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம். விடுதலை பெற்ற புதிதில் நாம் நம் முன்னோரை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டோம் என்பதற்கு அது நல்ல சான்று. 1799இல் என்ன நடந்தது என்பதற்குச் சான்றை வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த வேறுபாடு பிடிபட்டாலே பாதி வரலாறு புரிந்த மாதிரி.

அடுத்தது நம் ஊர்க் கதை. பிரெஞ்சுக்காரர்கள் 1848இல் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்கால் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்று போனார்கள். தஞ்சைச் சீமைக்காரர்களும் அதில் உண்டு. ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது 1882இல்தான். பதிவேடுகளில் பெயர், வயது, ஊர் இருக்கும், குரல் இருக்காது.

அந்தக் குரல் பாட்டில் இருக்கிறது. ரீயூனியனில் 'நார்ல்கோன்' என்றொரு கூத்து உண்டு. நம் 'நாடகம்'தான் அங்கே அப்படி ஆகிவிட்டது. பாரதக் கதையை விடிய விடியப் பாடி ஆடுவார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்களும் தமிழிலேயே பாடுகிறார்கள். கூத்தை நடத்துபவருக்கு அங்கே 'வர்த்தியால்' என்று பெயர். நம் 'வாத்தியார்'தான்! அங்கே தீமிதியும் உண்டு. திரௌபதியை 'பாந்தியாலே' என்கிறார்கள். பாஞ்சாலி என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

இந்தக் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஐந்து நிமிடம் போட்டுவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: பாடுவது யார்? யாருக்காகப் பாடுகிறார்? பாட்டு இங்கிருந்து அங்கே எப்படிப் போனது? மூன்றாவது கேள்விக்கு விடை தேடும் பிள்ளை கப்பலில் வந்து நிற்கும், கரும்புத் தோட்டத்தில் வந்து நிற்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டி, அத்தை யாராவது நடவுப் பாட்டோ தாலாட்டோ பாடினால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவசியம் குறித்து வையுங்கள். அவை இல்லாவிட்டால் அது வெறும் பாட்டு. இருந்தால் நாளைக்கு யாரோ ஒரு வாத்தியாருக்குப் பாடநூல்.