எல்லை தாண்டிய நாடகமும் பூட்டிய தியேட்டரும்

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. அப்படியே ஓசூரையும் தாண்டினால் கர்நாடகம். இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுமே வீட்டு மொழிகள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால், துரியோதனன் படுகளம் பார்க்க மூன்று மொழிக்காரர்களும் வருவார்கள். மொழி கேட்டு யாரும் பாய் விரிப்பதில்லை.

நாடகக் கம்பெனிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன. 1884-ல் தொடங்கிய குப்பி கம்பெனி கன்னடக் குழு. ஆனால் தமிழ், தெலுங்கு ஊர்களிலும் கொட்டகை போட்டது. டிக்கெட் விற்றால்தான் சாப்பாடு, அப்புறம் எல்லை எங்கே பார்ப்பது? அதில் நடித்தவர் புட்டசாமையா. அவர் மகன்தான் கன்னடர்கள் கொண்டாடிய ராஜ்குமார். அவரும் சிறு வயதில் அந்தக் கம்பெனி மேடை ஏறியவர்தான். பிறந்த காஜனூர் இன்று இருப்பது தமிழ்நாட்டின் தாளவாடிப் பகுதியில். அவர் நாயகனாக அறிமுகமான 'பேடர கண்ணப்பா' (1954) யாருடைய கதை தெரியுமா? பெரியபுராணத்துக் கண்ணப்ப நாயனார் கதை!

1991-ல் நிலைமை மாறியது. 205 டி.எம்.சி. தண்ணீர் தரவேண்டும் என்ற காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவை அடுத்து, டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் ஓசூர் வழியாக ஓடிவந்தார்கள். அல்சூர் ஏரிக்கரையில் அதே ஆண்டு தயாரான திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. 2000-ல் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வைத்திருந்த வீரப்பனின் கோரிக்கைகளில் அந்தச் சிலைத் திறப்பும் ஒன்று. கடைசியில் 2009 ஆகஸ்டில் அங்கே வள்ளுவர், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் என்று நாலு நாள் இடைவெளியில் இரண்டு சிலைகள் திறக்கப்பட்டன. பண்டமாற்று மாதிரிதான், ஆனாலும் நடந்தது.

சிலையை ஒரு நாள் போலீஸ் காவலில் திறந்துவிடலாம். தியேட்டரைத் தினமும் நாலு காட்சிக்குத் திறக்கவேண்டும். கண்ணாடிக் கதவு, தெரிந்த முகவரி, போஸ்டரில் காட்சி நேரம். கல்லெறிய இதைவிட வசதியான இடம் கிடையாது. தலைவர்கள் பேசுகிறார்கள், நஷ்டம் விநியோகஸ்தருக்கும் டிக்கெட் கிழிப்பவருக்கும். 2018-ல் 'காலா'வுக்கு இதே பிரச்னை. 2025-ல் கன்னட மொழி பற்றிய கமல்ஹாசனின் பேச்சால் 'தக் லைஃப்' ஜூன் 5 அன்று கர்நாடகத்தில் வெளியாகவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைக் கும்பல் தடுக்க விடமுடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஜூன் 17-ல். அதற்குள் முதல் வார வசூல் போயே போய்விட்டது. பெங்களூர் ரசிகர்கள் சிலர் காத்திருக்கவில்லை, எல்லை தாண்டி ஓசூர் தியேட்டர்களுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.