சிறு படச்சுருளில் இதிகாசம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் திரையரங்கை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அரங்கிற்கு வெளியே இதிகாசப் படங்கள் காணப்பட்ட முறையை அறியப் படச்சுருளின் அளவை நோக்குதல் வேண்டும்.

அரங்குகளில் ஓடியது 35 மில்லிமீட்டர் சுருள். கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் சுருளையும், 1932இல் 8 மில்லிமீட்டர் சுருளையும், 1965இல் சூப்பர் 8 சுருளையும் வெளியிட்டது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டைத் தவிர்த்தமையால், இவற்றை வீட்டுக் கூடத்திலும் தோட்டத் திடலிலும் அச்சமின்றி ஓட்ட இயன்றது.

ஆயினும் சேகரிப்பு எளிதன்று. பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். நிமிடத்திற்கு 36 அடி ஓடும் 16 மில்லிமீட்டரில் அது சுமார் 6,500 அடியாகும். 1,600 அடிச் சுருள்கள் நான்கோ ஐந்தோ தேவை. 1980களில் பரவிய காணொளி நாடா இவ்வழக்கத்தை ஓரங்கட்டியது.

எஞ்சிய சுருள்களுக்கு நம் தட்பவெப்பமே பகை. வெப்பமும் ஈரப்பதமும் அசிட்டேட்டைச் சிதைக்கும். புளிக்காடி நெடியே அதன் அறிகுறி. அக்கால வண்ணப்படிகளும் வெளிறிச் செந்நிறமாகும்.

இவ்விழப்பு சிறிதன்று. நடராஜ முதலியாரின் மௌனப்படமான 'கீசக வதம்' இன்று கிடைப்பதில்லை. மாறாக, 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தின் இழந்த பகுதிகள் 2008இல் புவனோஸ் ஐரிஸில் ஒரு 16 மில்லிமீட்டர் படியிலிருந்தே மீண்டன. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் இல்லங்களில் பழஞ்சுருள் உளதா என மாணவர்வழி வினவுதல் தமிழாசிரியர்க்கு இயலும் பணியே. கிடைப்பின் அதனை ஓட்டிப் பார்த்தலாகாது. பெயரைக் குறித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, ஆவணக் காப்பகத்தை நாடுதலே முறை.