முன்சீட்டுத் துப்பாக்கி

காடியில் முன்சீட்டைப் பிடிக்க நம்ம ஆளுங்க "ஷாட்கன்!" என்று கத்துவார்கள். அந்த வழக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் குட்டையான இரட்டைக்குழல் துப்பாக்கியிடம் வந்து சேர்ந்தேன்.

1852இல் தொடங்கிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் கலிஃபோர்னியத் தங்கத்தைக் குதிரை வண்டிகளில் அனுப்பியது. இரும்புப் பட்டை அடித்த பச்சை மரப்பெட்டி வண்டியோட்டியின் காலடியில் இருக்கும். பக்கத்து இருக்கையில் ஒரு காவலாள், மடியில் இந்தத் துப்பாக்கி. அவனை 'ஷாட்கன் மெசெஞ்சர்' என்றார்கள்.

ஏன் ரைபிள் இல்லை? குலுங்குகிற வண்டியில் ஒற்றைக் குண்டைக் குறிவைப்பது கஷ்டம். ரவைகள் பலவாகப் போகும். ஆனால் சினிமாவில் காட்டுவதுபோல அறை முழுக்கச் சிதறாது. பத்து கஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் அகலம்தான். குழலின் நீளம் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. குழல் வாயின் இறுக்கம்தான் மாற்றும். அப்புறம் ஏன் குட்டை? இடம்தான் காரணம். கடிவாளத்தோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீளக்குழலைச் சட்டென்று திருப்ப முடியாது.

பொறியாளனாக என்னைக் கவர்ந்தது 'இரட்டை' என்பதுதான். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு சுத்தியல். ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்று வேலை செய்யும். விமானத்துக்கு இரண்டு எஞ்சின் வைப்பதும் இதே கணக்கில்தான். விலை என்னவென்றால், இரண்டு வெடியோடு தீர்ந்தது. நீண்ட சண்டைக்கு இது ஆகாது.

அதே குட்டைத்தனம் வேறு வேலைக்கும் உதவியது. 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன். வர்ஜில் ஏர்ப் கொடுத்த இப்படியொரு துப்பாக்கியை டாக் ஹாலிடே நீளக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். டாம் மெக்லாரி அதற்குப் பலியானார். காவலாள் வெளியே தெரியும்படி வைத்திருந்ததை ஹாலிடே ஒளித்து வைத்தார். துப்பாக்கியில் எந்த மாற்றமும் இல்லை. 1934இல் அமெரிக்கச் சட்டம் 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன் குழல்களுக்குப் பதிவையும் 200 டாலர் வரியையும் விதித்தது. மனுஷனின் நோக்கத்தை அளக்க முடியாத சட்டம் குழலை அளந்தது என்றே அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இந்த ஆயுதத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஒரு கொள்ளையர். பிளாக் பார்ட் 1875 முதல் 1883 வரை வெல்ஸ் ஃபார்கோ வண்டிகளை மறித்தார். குதிரை கிடையாது, நடந்தேதான் வருவார். கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு இடங்களில் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போனார். அத்தனை கொள்ளையிலும் ஒரு தடவைகூடச் சுடவில்லை. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது விட்டுப்போன கைக்குட்டையின் சலவைக்குறி.

இரண்டு குழல் வாய்களைப் பார்த்த வண்டியோட்டிகள் பெட்டியைக் கீழே போட்டார்கள். அந்தத் துப்பாக்கி செய்ய வேண்டிய வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதன் திறமையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பிடியின் பக்கமிருந்தே எழுதுகிறார்கள். வாயின் பக்கம் நின்றவர்களைக் கேட்டிருந்தால் எத்தனை அங்குலம் என்று அவர்களுக்கு நினைவிருக்குமா?