மார்கழிக் குல்லாவும் சித்திரை ரிமோட்டும்



மார்கழி பிறந்துவிட்டது. மறைமலை நகரில் விடியற்காலை நடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் குல்லாவும் ஸ்வெட்டருமாகத்தான் வருகிறார்கள். அப்போது வெப்பநிலை 20, 21 டிகிரி இருக்கும். அதே ஆட்கள் சித்திரை வந்ததும் ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டு, குளிருகிறது என்று கம்பளியும் போர்த்திக்கொள்கிறார்கள். மார்கழியில் 21 டிகிரிக்கு நடுங்குகிற உடம்புக்குச் சித்திரையில் 18 டிகிரி எதற்கு? இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் முன்னோர் வீட்டின் வெப்பத்தை எண்ணால் அளக்கவில்லை, பருவத்தால் அளந்தார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை நினைத்துப் பாருங்கள். கூதிர் காலம் வந்ததும் தென்றலுக்காக வைத்த சாளரங்களைத் தாழிடுகிறார்கள். விசிறிகள் முளையில் தொங்கிச் சிலந்தி வலை படிகின்றன. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. குளிர்ந்த நீரைத் தவிர்த்து, தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். நக்கீரர் காட்டும் வீடு பருவத்தோடு சேர்ந்து மாறுகிற வீடு. ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம் வேண்டும் என்று யாரும் அங்கே கேட்கவில்லை.

அப்படிக் கேட்கும் வழக்கம் இயந்திரத்தோடு வந்தது. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காகக் குளிர்சாதன அமைப்பு ஒன்றை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது, வண்ணங்கள் இடம் மாறி அச்சாகின. அதைச் சரிசெய்யத்தான் அந்த இயந்திரம். ஆக, ஏ.சி. முதலில் சுகம் கொடுத்தது மனிதனுக்கல்ல, காகிதத்துக்கு!

பிறகு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்தபோது, மனிதனுக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்ற அறிஞர், மூடிய அறைக்குள் மாணவர்களை உட்காரவைத்துச் சோதித்த முடிவுகளைக் கொண்டு ஒரு சமன்பாட்டை உருவாக்கி, 1970-இல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் கட்டடங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் அந்தக் கணக்குகளில் உடல் உண்டாக்கும் சூட்டுக்கு அளவுகோலாக இருந்தவர் ஏறக்குறைய 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் என்று 2015-இல் இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அலுவலகத்தில் பெண்கள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றுக் குரல் ஒன்று நம் நாட்டிலிருந்தே கிளம்பியது என்பது பலருக்குத் தெரியாது. ரூர்க்கியிலும் பாக்தாத்திலும் திரட்டிய தகவல்களை ஃபெர்கஸ் நிக்கோல் என்ற ஆங்கிலேயர் 1974-இல் ஆராய்ந்தார். மேல்நாட்டுக் கணக்குப்படி தாங்க முடியாத வெப்பத்திலும் அங்குள்ளவர்கள் காற்றோட்டத்தோடு இயல்பாக இருந்தார்கள். உடம்பு தான் வாழும் பருவத்துக்குப் பழகிக்கொள்கிறது என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் இதை விரிவாகச் சோதித்தது. சென்னை, பெங்களூரு, டெல்லி, சிம்லா, அகமதாபாத் ஆகிய ஐந்து ஊர்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டினார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. ஏ.சி. இல்லாத, காற்றோட்டமான கட்டடங்களில் மக்களுக்கு இதமாக இருந்த வெப்பநிலை, வெளியே நிலவும் பருவத்துக்கு ஏற்ப 19.6 முதல் 28.5 டிகிரி வரை மாறியது. குல்லாவுக்கும் கம்பளிக்கும் விடை இதுதான். மார்கழியில் 21 குளிர்கிறது. சித்திரையில் 28-உம் மின்விசிறியும் போதும். இரண்டும் அதே உடம்பு.

அரசும் இதன் ஒரு பகுதியை ஏற்றது. நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள், 2020 ஜனவரி 1 முதல், போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அது தொடக்கம்தான். ரிமோட் நம் கையில். ஜப்பானில் 2005-இல் கோட்டும் டையும் வேண்டாம், கோடையில் அலுவலகத்தை 28 டிகிரியில் வையுங்கள் என்று அரசே இயக்கம் நடத்தியது. அமெரிக்காவில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, 1977 பிப்ரவரியில் அதிபர் கார்ட்டர் தாமே ஸ்வெட்டர் அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 ஃபாரன்ஹீட் போதும் என்று கேட்டுக்கொண்டார். அது நம் கணக்கில் 18 டிகிரிக்குச் சற்று மேல். அங்கே குளிர்காலத்தில் சிக்கனம் என்று சொன்ன அதே எண்ணை, இங்கே கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

காசு என்றதும் மின்கட்டணம் நினைவுக்கு வருகிறது. ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. 20-இலிருந்து 26-க்கு வந்தால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள். நம் மாநிலத்தில் இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். அந்தக் கோட்டைத் தாண்டுவதும் தாண்டாததும் பல வீடுகளில் இந்த நாலைந்து டிகிரியில்தான் இருக்கிறது.

ஆகவே, உள்ளூரில் இருப்பவர்களுக்கு: மார்கழி, தை இரண்டு மாதமும் ஏ.சி.க்கு ஓய்வு கொடுங்கள். பகலில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கொசு வருமுன் மாலையில் சாத்துங்கள். கோடையில் 26 அல்லது 27 வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: சிக்கனம் என்று வீட்டை உறைய வைக்காதீர்கள். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

இங்கேயும் அதே நியாயம்தான். மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறையில் வயதான அப்பா அம்மா படுத்திருந்தால், மே மாத இரவில் கட்டணத்தைப் பார்த்து ஏ.சி.யை நிறுத்தாதீர்கள். அவர்கள் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் போய் அந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.