10.5 செ.மீ. எஸ்.கே. எல்/40 பீரங்கி

10.5 செ.மீ. எஸ்.கே. எல்/40 என்பது ஜெர்மன் பேரரசின் கடற்படை முதலாம் உலகப் போரில் பயன்படுத்திய விரைவுப் பீரங்கி ஆகும். கசெல், பிரெமென், டிரெஸ்டன் வகுப்பு இலகுரகப் போர்க்கப்பல்களில் இதுவே முதன்மை ஆயுதமாக விளங்கியது.

பெயரும் அமைப்பும்

பெயரிலுள்ள 10.5 செ.மீ. குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும். எல்/40 என்பது பீரங்கியின் நீளம் அவ்விட்டத்தைப்போல் 40 மடங்கு, அதாவது ஏறத்தாழ 4.2 மீட்டர் என்பதைக் காட்டும். எஸ்.கே. என்பது "விரைவாகக் குண்டேற்றும் பீரங்கி" எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். வெடிமருந்து பித்தளை உறைக்குள் அடைக்கப்பட்டிருந்ததால் அடுத்தடுத்து விரைவாகச் சுட முடிந்தது. எனினும் குண்டின் எடை சுமார் 17 கிலோகிராம் மட்டுமே.

போர்களில் பயன்பாடு

எம்டன் போர்க்கப்பல் இவ்வகைப் பீரங்கிகள் 10 கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு அது சென்னை மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டியது. இத்தாக்குதலுக்குப் பின் "எம்டன்" என்பது தமிழில் கில்லாடியைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்கலாயிற்று.

வணிகக் கப்பல்களுக்கும் காவலற்ற துறைமுகங்களுக்கும் எதிராகப் போதுமானதாக இருந்த இப்பீரங்கி, கனரகப் பீரங்கிகளுக்கு ஈடாகவில்லை. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே, 6 அங்குலப் பீரங்கிகளைக் கொண்ட ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலை எம்டன் எதிர்கொண்டது. எம்டனின் குண்டுகள் முதலில் இலக்கைத் தாக்கினாலும் பெருஞ்சேதம் விளைவிக்கவில்லை. வேகம் மிகுந்த சிட்னி, தொலைவில் நின்று சுமார் 45 கிலோகிராம் எடையுள்ள குண்டுகளால் எம்டனைச் சிதைத்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் ரூஃபிஜி ஆற்றில் 1915 சூலையில் அழிந்த கோனிக்ஸ்பர்க் கப்பலின் பீரங்கிகள் மீட்கப்பட்டுத் தரைப்போரில் பயன்படுத்தப்பட்டன. எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது.