கற்பிக்கும் பொறியும் கற்கும் மனிதனும்

இறையியற் கல்வியிலும் சபை ஊழியரின் பயிற்சியிலும் இணையவழிக் கருவிகள் இன்று இடம்பெற்றுவிட்டன. இவற்றுள் பல திருச்சபைக்காக உருவானவை அல்ல. வாணிப நிறுவனங்கள் தம் பணியாளரைப் பயிற்றுவிக்கவென எழுந்தவை. ஆகவே அவற்றின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

பாடத்தைச் சிறு படிகளாக வகுத்து, படிதோறும் வினா எழுப்பி, விடையை உடனே சரிபார்க்கும் முறையை ஸ்கின்னர் என்னும் உளநூலார் 1950-களில் பரப்பினார். 1963-இல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியர் தொடங்கிய விரிவாக்க இறையியற் கல்வியும் பின்னர் இம்முறையில் பாடநூல்களை அமைத்தது. ஆதலால் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1960-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வி முறையைத் தொடங்கினார். பாடம் புகட்டவே அமைந்த அம்முறையில் 1973 முதல் பயில்வோர் ஒருவருக்கொருவர் செய்தி எழுதி உரையாடலாயினர். பாடம் மட்டும் போதாது, உறவும் வேண்டும் என்பதற்கு இது சான்றன்றோ?

கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் தலைவர் வில்லியம் நாரிஸ், 1967-இல் மினியாபொலிஸ் நகரில் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின் அங்கு வறியோர் வாழ்ந்த பகுதியில் தொழிற்சாலை நிறுவியவர். சமுதாயத்தின் தேவைகளை நிறைவேற்றுவதும் வாணிபத்தின் பணியே என அவர் நம்பினார். 1976-இல் அவருடைய நிறுவனம் பிளேட்டோவை விற்கும் உரிமையைப் பெற்றது. ஆயினும் பெருங்கணிப்பொறியைச் சார்ந்த அம்முறையின் செலவு மிகுதி. 1980-களில் மலிவான தனியாள் கணிப்பொறிகள் பரவின. நாரிஸ் 1986-இல் ஓய்வுபெற்றார். 1989-இல் பிளேட்டோ என்ற பெயரே வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஒரு விற்பனையாளரின் பாடம் மற்றொருவரின் கருவியில் இயங்காமை பெரும் இடராயிற்று. இதைத் தீர்க்க விமானத் தொழிற்றுறையினர் 1988-இல் ஒரு குழு அமைத்தனர். 1997-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய முயற்சியின் பயனாக, 2000-இல் 'ஸ்கார்ம்' என்னும் பொது விதிமுறை வெளிவந்தது. பயில்பவர் பாடத்தை முடித்தாரா, எத்தனை மதிப்பெண் பெற்றார், எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பனவற்றை அது பதிவு செய்தது.

அதன்பின் விற்பனையாளர் ஒருவரையொருவர் விழுங்கலாயினர். டோசென்ட்டும் கிளிக்டுலேர்னும் 2004-இல் இணைந்து சம்டோட்டல் ஆயின. அதனை 2014-இல் ஸ்கில்சாஃப்ட் வாங்கியது. 2022-இல் அது கார்னர்ஸ்டோன் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 1997-இல் தோன்றிய சபா நிறுவனத்தையும் அதே கார்னர்ஸ்டோன் 2020-இல் வாங்கிக்கொண்டது. இதற்கு மாறாக, மார்ட்டின் டூகியாமாஸ் 2002-இல் வெளியிட்ட மூடுல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தத் தக்கதாய் நிற்கிறது.

இவ்வரலாறு நமக்கு இரு படிப்பினைகளைத் தருகிறது. முதலாவது, விற்பனையாளர் மாறுவர்; ஆகவே நம் பாடங்களையும் மாணவர் பதிவுகளையும் ஒருவர் கையில் அடைத்துவிடலாகாது. இரண்டாவது, முடித்ததைக் குறித்துக்கொள்ளும் கருவி, மாணவனுடைய மனம் திரும்பியதை அறியாது. எம்மாவு வழியில் ஆண்டவர் சீடரோடு நடந்தே கற்பித்தார். பொறியை நாம் பயன்படுத்துவோம். ஆனால் உடன் நடக்கும் ஊழியத்தை அதனிடம் ஒப்படைத்துவிடாதிருப்போமாக.