ஆட்குறைப்பில் முந்தியவரும் பிந்தியவரும்

தொழில் நலிவுறும்போது ஆட்களைக் குறைப்பது முதலாளியின் உரிமை எனச் சட்டம் பொதுவாக ஒப்புகிறது. யாரைக் குறைப்பது என்பதிலேதான் நீதி பற்றிய வினா எழுகின்றது. மலாயாத் தோட்டங்களில் இவ்வினா இருமுறை தமிழர் வாழ்வையே அலைக்கழித்தது.

முதலாவது, 1929-இல் தோன்றிய உலகப் பொருளாதார மந்தத்தின் விளைவு. 1928-இல் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக வரையறுக்கப்பட்டிருந்த நாட்கூலி, 1930-இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது; பின்னர் மேலும் சரிந்தது. அவ்வாண்டிலேயே உதவி பெற்ற குடியேற்றம் நிறுத்தப்பட்டது. 1907-இல் ஆட்களைத் தருவிப்பதற்கென ஏற்பட்ட குடியேற்ற நிதியே இப்போது அவர்களைத் திருப்பியனுப்பப் பயன்பட்டது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் திரும்பினர். யாரை நிறுத்துவதென்பதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் அன்று கிடையாது. எத்தனை ஆண்டு பால் வெட்டியவராயினும், துரையின் சொல்லே முடிவு. உழைக்க இயலாதோரும், குறைந்த கூலியை ஏற்க மறுத்தோரும் கப்பலேறினர். பட்டினிக்கு அஞ்சி விரும்பிச் சென்றோரும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1934-இல் விலை தேறியவுடன் ஆள் சேர்ப்பு மீண்டும் தொடங்கிற்று!

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின் நிலைமை மாறியது. கடைசியாக வந்தவர் முதலில் வெளியேறுவது என்னும் முறை தொழிலுலகில் வேரூன்றியது. ஒருவர் உழைத்த ஆண்டுகளையே அவருக்குரிய காப்பாக ஆக்குவது இம்முறையின் சிறப்பு. கிராணியின் பதிவேட்டைப் புரட்டினாலே விடை தெரிந்துவிடும். விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு.

ஆனால் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் அனைவருக்கும் வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையே வைத்திருந்தவர்கள் தோட்டங்களில் ஏராளம். விடுதலைக்கு முன் இந்நாட்டிலேயே பிறந்தோரும் விண்ணப்பித்தே குடியுரிமை பெறவேண்டியிருந்தது. மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கு 1957-இலிருந்து ஓராண்டுக்கு மட்டுமே. எழுத்தறியாதோரும் பிறப்புச் சான்று இல்லாதோரும் அவ்வாய்ப்பைத் தவறவிட்டனர். அதன் விலையை அவர்கள் 1969-இலும் அடுத்த ஆண்டுகளிலும் செலுத்தினர். ஆயிரக்கணக்கானோர் தாம் கண்டறியாத ஊர்களுக்கும் கப்பலேறினர். உழைத்த ஆண்டுகள் பேசவில்லை. அட்டையின் நிறம் பேசிற்று.

1975-இல் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஒப்பிய தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்புக்கு முன் மிகைநேர வேலையைக் குறைத்தல், புதிய ஆள் சேர்ப்பைக் கட்டுப்படுத்தல், மறுபயிற்சி அளித்தல் ஆகியவற்றை வலியுறுத்திற்று. தேர்வுக்குத் திறமை, அனுபவம், வயது, குடும்ப நிலை ஆகியன அளவுகோல்களாயின. சேவைக் காலமும் குடியுரிமை நிலையும் ஒரே வரியில் இணைத்து வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. இரண்டும் மோதினால் எது வெல்லும் என்பதை அந்நெறி கூறவில்லை. ஒரே வகை வேலையில் வெளிநாட்டவரே முதலில் நீக்கப்படவேண்டும் எனப் பின்னாளில் வேலைச் சட்டமே கூறிவிட்டது. உள்நாட்டவருள் கடைசியாக வந்தவர் என்னும் முறையை மீறும் முதலாளி, தக்க காரணத்தைத் தொழில் நீதிமன்றத்தில் காட்டவேண்டும்.

ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி என்னும் இழப்பீட்டு விதி 1980-இல் வந்தது. அப்போது, சிவப்பு அட்டையோடு கப்பலேறிய முதலாமவர் ஊர் சேர்ந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது.